ஏர்போர்ட்டைப் பார்த்து ஊரை எடை போடாதீங்க!

வெளிநாடு போய்விட்டு வந்த யாரிடமாவது "ஊரு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் முதலில் பேசுவது ஏர்போர்ட்டைப் பற்றித்தான். "தரையில முகம் பார்க்கலாம்டா", "உள்ளயே அருவி கொட்டுதுடா", "பாத்ரூம்ல படுத்துத் தூங்கலாம்டா" என்று ஆரம்பித்து, கடைசியில் நம்ம ஊரைத் திட்டுவதில் வந்து முடியும். கேட்கிற நாமும் தலையை ஆட்டிவிட்டு "நாம எப்பதான் உருப்படப் போறோமோ" என்று டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவோம்.

என் கட்சி வேறு. ஏர்போர்ட் என்பது ஒரு ஊரின் முகம் அல்ல, அது அந்த ஊரின் மேக்கப். கல்யாண வீட்டில் வாசல் பந்தலைப் பார்த்துவிட்டு "இந்தக் குடும்பம் நல்ல குடும்பம்" என்று சொல்ல முடியுமா? பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்கு என்ன பரிமாறினார்கள் என்று பார்த்தால்தானே தெரியும்!

இதைச் சொல்ல நீ யாருடா என்று கேட்பவர்களுக்கு: நான் பி.காம் மூன்றாம் ஆண்டு. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. எட்டாம் வகுப்பிலிருந்து கோடை விடுமுறை என்றாலே எனக்கும் அம்மாவுக்கும் திருச்சி - சிங்கப்பூர் விமானம்தான். அங்கிருந்து கோலாலம்பூர் நாலு தடவை (இரண்டு முறை பஸ், இரண்டு முறை விமானம்). மாமா துபாயில் இருப்பதால் அங்கே இரண்டு தடவை. எல்லாமே பட்ஜெட் விமானம்தான். 7 கிலோ கைப்பை, தண்ணீர் பாட்டிலுக்குக்கூடத் தனிக் காசு என்கிற ரகம். ஆகவே லவுஞ்சில் உட்கார்ந்து எழுதும் பயணக் கட்டுரை என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும் :-)

இந்த மூன்று ஊர்களையும் சுற்றியதில் எனக்கென்று மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று, கையில் காசு குறைவாகவும் பெட்டி கனமாகவும் வந்து இறங்குபவரை அந்த ஊர் எப்படி வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது?

இரண்டு, கார் இல்லாதவர் அங்கே மரியாதையாக நடமாட முடியுமா?

மூன்று, விலையும் மொழியும் தெரியாத ஒருவர் கடைக்குப் போனால் ஏமாறாமல் திரும்ப முடியுமா?

இந்த மூன்றையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏர்போர்ட் என்பது ஒரு கடைத்தெரு

சாங்கி ஏர்போர்ட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1981-ல் முதல் முனையம் திறந்தார்கள். 2019-ல் 'ஜூவல்' வந்தது. கண்ணாடிக் கூரைக்கு நடுவிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் அருவி கொட்டுகிறது, கட்டடத்துக்குள் இருக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது அதுதான். நானும் முதல் தடவை வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். யார்தான் பார்க்க மாட்டார்கள்?

ஆனால் காமர்ஸ் படிக்கிறவன் புத்தி சும்மா இருக்குமா! அந்த ஜூவல் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். குடிநுழைவுச் சோதனைக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. ஏன்? விமானம் ஏறாத உள்ளூர்க்காரர்களும் சனி, ஞாயிறு குடும்பத்தோடு வந்து செலவு செய்யட்டும் என்பதற்காக. அருவி பார்க்கக் காசில்லை. ஆனால் அருவியைச் சுற்றி மாடி மாடியாக இருப்பது முழுக்கக் கடைகள். பொருட்காட்சியில் ராட்டினத்தைச் சுற்றிப் பஜ்ஜிக் கடை போடுகிற அதே வித்தைதான், கண்ணாடிக் கூரையோடு.

தப்பு என்று சொல்லவில்லை. ஏர்போர்ட்டுகளுக்கு வருமானம் இரண்டு வழியில் வருகிறது. விமான நிறுவனங்களிடமும் பயணிகளிடமும் வாங்கும் கட்டணம் ஒன்று. கடை வாடகை, பார்க்கிங், விளம்பரம் என்று வருவது இன்னொன்று. இரண்டாவது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு முதலாவதைக் கட்டுக்குள் வைக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் விளைவு என்ன? பாதுகாப்புச் சோதனை முடிந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் நேரே கேட்டுக்குப் போகிற வழி இருக்காது. சென்ட் பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். அந்த வளைவு தற்செயலாக அமைந்ததில்லை.

'டியூட்டி ஃப்ரீ' என்றால் மலிவு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். வெளியே 109 வெள்ளிக்கு விற்கும் பொருளில் (அங்கே தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள்) வரி 9 வெள்ளி. அந்த வரியை முழுசாக எடுத்தாலும் மிச்சம் எட்டே கால் சதவீதம்தான். சாராயம், சிகரெட் போல வரி எக்கச்சக்கமாக இருக்கும் சரக்கில் வித்தியாசம் தெரியும். சாக்லேட்டில் என்ன தெரியும்? பேட்டையில் இருக்கிற சூப்பர் மார்க்கெட்டில் 'இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்' போட்டால் அந்த எட்டே கால் காணாமல் போய்விடும். எங்கள் அம்மா பி.காம் படிக்கவில்லை, ஆனால் சாக்லேட்டை ஏர்போர்ட்டில் ஒரு நாளும் வாங்கியதில்லை.

இன்னொரு சங்கதி. 2018 ஜூலையிலிருந்து சிங்கப்பூரில் விமானம் ஏறும் ஒவ்வொருவரிடமும் ஏர்போர்ட் மேம்பாட்டுக்கு என்று 10 வெள்ளி 80 காசு வாங்குகிறார்கள். அங்கே இறங்கி விமானம் மாறிப் போகிறவர்களுக்கு 3 வெள்ளி. இது ஐந்தாவது முனையத்துக்காக. அதற்கு 2025 மே மாதம் பூமி பூஜை போட்டார்கள், 2030-களின் நடுவில் திறக்கும் என்று சொல்கிறார்கள். அதாவது இன்றைக்கு இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பும் கட்டுமானத் தொழிலாளி, தான் காலே வைக்காமல் போகக்கூடிய ஒரு முனையத்துக்குத் தன் பங்கைக் கட்டிவிட்டுப் போகிறார். பிசினஸ் கிளாஸில் போகிறவரும் அதே தொகைதான் கட்டுகிறார். எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்றால் சமம்போலத் தோன்றும். சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால்தான் யார் தோளில் கனம் அதிகம் என்று புரியும்.

இறங்கினாய் சரி, வீடு சேர்ந்தாயா?

என்னைக் கேட்டால் ஒரு ஏர்போர்ட்டுக்கு மார்க் போட வேண்டிய இடம் அதன் வெளிவாசல்.

சாங்கிக்கு 2002-லிருந்து எம்.ஆர்.டி ரயில் வருகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏர்போர்ட் ஸ்டேஷன் என்று தனிக் கட்டணம் கிடையாது. மற்ற ஸ்டேஷன்களுக்குப் போல தூரத்துக்கு ஏற்ற காசுதான். தனா மேராவில் ஒரு தடவை ரயில் மாற வேண்டும், அவ்வளவுதான். கோட் போட்டவரும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்காரரும் ஒரே பெட்டியில், ஒரே கட்டணத்தில்.

கோலாலம்பூரில் கதை வேறு. ஏர்போர்ட் ஊருக்கு வெளியே. அங்கிருந்து நகரத்துக்கு 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கும் ரயில் இருக்கிறது. அருமையான ரயில், டிக்கெட் 55 ரிங்கிட். பஸ்ஸில் போனால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது, ஆனால் ஒரு மணி நேரம் பிடிக்கும். குடும்பமாகப் போனால் ரயில் டிக்கெட்டுக்கு டாக்சியே பிடித்துவிடலாம் என்கிற நிலை. நாங்கள் இரண்டு தடவையும் பஸ்தான். வேகம் வேண்டுமென்றால் காசு கொடு, காசு இல்லையென்றால் நேரம் கொடு. இது ஒரு விதமான நேர்மை என்றே சொல்வேன். ஏனென்றால் இரண்டாவது வழியையும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

துபாய்? 2009 செப்டம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. டிரைவர் இல்லாத ரயில், முன்னால் உட்கார்ந்து பார்த்தால் சினிமா போல இருக்கும். ஒன்றாம், மூன்றாம் முனையங்களில் ஸ்டேஷன் உண்டு. ஆனால் நம் ஊரிலிருந்து பட்ஜெட் விமானத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் இறங்குவது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டாம் முனையத்தில். அங்கே மெட்ரோ இல்லை! போதாக்குறைக்குப் பெரும்பாலான நாட்களில் மெட்ரோ நள்ளிரவோடு நின்று காலை ஐந்து மணிக்குத்தான் தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு. பட்ஜெட் விமானம் இறங்கும் நேரம் இருக்கிறதே, பேய் உலாவுகிற நேரம். நானும் அம்மாவும் முதல் தடவை இறங்கியது ராத்திரி இரண்டரை மணிக்கு.

துபாய் மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் சாதாரண வகுப்புக்கு 7 திர்ஹாம் 50 காசுதான். ஏர்போர்ட் டாக்சியில் மீட்டர் தொடங்குவதே 25 திர்ஹாமில். இதற்குப் பொருள் என்ன? ரயிலுக்குப் பக்கத்தில் இறங்குபவர் டாக்சிக்குக் காசுள்ளவர். டாக்சிதான் கதி என்று இறங்குபவர் ரயில் தேவைப்படுகிறவர். யாரும் கெட்ட எண்ணத்தோடு இப்படித் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் திட்டம் போட்ட மேஜையில் அந்த இரண்டரை மணி விமானத்தில் வருகிற ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் இது இப்படி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

காருக்கு விலை, காகிதத்துக்கு அதைவிட விலை

இனி ஊருக்குள் வருவோம். சிங்கப்பூரில் கார் வாங்க முதலில் ஒரு காகிதம் வாங்க வேண்டும், வாகன உரிமைச் சான்றிதழ். சுருக்கமாக சி.ஓ.இ. 1990-லிருந்து இருக்கும் முறை. மாதம் இரண்டு தடவை ஏலம் நடக்கும். ஏலம் எடுத்தால் பத்து வருடத்துக்குக் கார் வைத்துக்கொள்ளும் உரிமை. 2023 அக்டோபரில் பெரிய கார் வகைக்கு இந்தக் காகிதத்தின் விலை 1,50,001 வெள்ளி வரை போனது. கவனிக்கவும், காரின் விலை அல்ல, காகிதத்தின் விலை! 2018-ல் கார், மோட்டார் சைக்கிள் எண்ணிக்கையின் வளர்ச்சி விகிதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள்.

இதற்கும் முன்பே, 1975-ல், நகர மையத்துக்குள் கார் கொண்டுவரக் காசு கட்ட வேண்டும் என்று சட்டம் போட்ட ஊர் அது. உலகத்திலேயே முதல் தடவை. அப்போது அட்டை வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், 1998-ல் அது மின்னணு முறையானது. வளைவுக்குக் கீழே போனால் காசு தானாகக் கழியும்.

எகனாமிக்ஸ் வகுப்பில் இதை 'விலை வழிப் பங்கீடு' என்று நடத்துவார்கள். ரேஷன் கார்டுக்குப் பதில் ஏலம். எனக்கு இதில் பாதி சம்மதம், பாதி இல்லை. சம்மதம் ஏனென்றால், சாலை என்பது எல்லோருக்கும் சொந்தமான இடம். அதில் ஒற்றை ஆள் ஒரு காரை அடைத்துக்கொண்டு போனால் அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும். சம்மதமில்லை ஏனென்றால், மோட்டார் சைக்கிளுக்கும் இதே ஏலம்தான். 2022-ல் அந்தக் காகிதமும் 10,000 வெள்ளியைத் தாண்டியது. சாப்பாடு டெலிவரி செய்கிறவனுக்குப் பைக் என்பது சொகுசு இல்லை, தொழில் கருவி. பணக்காரனுக்கு ஏலம் ஒரு எரிச்சல், ஏழைக்கு அது மூடின கதவு.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். கார் இல்லாததால் அங்கே யாரும் குறைந்து போவதில்லை. மானேஜரும் பஸ்ஸில்தான் வருகிறார். நம் ஊரில் பஸ்ஸில் போகிறவனுக்கு "இன்னும் வண்டி எடுக்கலையா?" என்றொரு கேள்வி வரும் பாருங்கள், அந்தக் கேள்வி அங்கே கிடையாது. ரயிலில் தமிழிலும் அறிவிப்பு வரும், எச்சரிக்கைப் பலகையில் தமிழும் இருக்கும். சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 வெள்ளி வரை அபராதம், டுரியான் பழத்துக்கு உள்ளே அனுமதியே இல்லை. (அந்த வாசனை தெரிந்தவர்கள் சட்டத்தை ஆதரிப்பார்கள்.)

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? எம்.ஆர்.டி ஸ்டேஷனிலிருந்து 400 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீட்டு வளாகம் எல்லாவற்றுக்கும் கூரை போட்ட நடைபாதை அமைக்கிறார்கள். வெயிலோ மழையோ குடை இல்லாமல் நடந்து போகலாம். அதைப் போய் யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஆனால் தினமும் வேலைக்குப் போகிற ஒரு அம்மாவுக்கு நாற்பது மீட்டர் அருவியைவிட நானூறு மீட்டர் கூரைதான் பெரிது.

லாரியில் போகிறவர்கள்

இத்தனை பாராட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் வெறும் சுற்றுலா விளம்பரம்.

காலையில் ஆறு, ஆறரை மணிக்கு சிங்கப்பூரின் விரைவுச்சாலையில் நின்று பாருங்கள். லாரிக்குப் பின்னால், சரக்கு ஏற்றுகிற மேடையில், ஆட்கள் உட்கார்ந்து போவார்கள். சீட் இல்லை, சீட் பெல்ட் இல்லை. மேலே ஒரு கூரை, பக்கவாட்டில் ஒரு கம்பி. தமிழ்நாட்டுக்காரர்கள், வங்கதேசத்துக்காரர்கள். கட்டுமான இடத்துக்குப் போகிற தொழிலாளர்கள். இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒன்று. காரில் பின் சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட் போடவில்லை என்றால் அபராதம் போடும் ஊரில்!

2021-ல் நடந்த விபத்துகளில் தொழிலாளர்கள் இறந்தபோது இதைப் பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது. 2023-ல் பல அமைப்புகள் மறுபடியும் தடை கேட்டன. அரசாங்கம் சொன்ன பதில்: தடை போட்டால் சிறு நிறுவனங்கள் தாங்காது, கட்டட வேலைகள் தாமதமாகும், செலவு கூடும்.

அந்தப் பதிலை நான் காமர்ஸ் மாணவனாகவே படிக்கிறேன். பஸ் வைத்தால் செலவு கூடும் என்றால், இன்றைக்கு அந்தச் செலவு எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? மறைந்து போய்விட்டதா? இல்லை. லாரியில் உட்கார்ந்திருக்கிற ஆளின் முதுகெலும்பில் உட்கார்ந்திருக்கிறது. பஸ் வாடகையாகக் கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டிய தொகை, உயிர் ஆபத்தாக அவர் தலையில் ஏறியிருக்கிறது. அதனால்தான் அடுக்குமாடி வீட்டின் விலையிலும் ரயில் பாதையின் விலையிலும் அது தெரிவதில்லை. விலையில் சேராத செலவு என்று பாடத்தில் படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

எங்கள் சித்தப்பா அங்கே நாலு வருடம் இப்படித்தான் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் எங்களைப் பார்க்க வரும்போது எம்.ஆர்.டியில் வருவார், ஏசியில் உட்கார்ந்து, தமிழ் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு. மறுநாள் திங்கள்கிழமை லாரி. ஒரே ஆள், ஒரே ஊர். ஞாயிற்றுக்கிழமை அவர் பயணி, திங்கட்கிழமை அவர் சரக்கு. "பயமா இல்லையா சித்தப்பா?" என்று கேட்டதற்கு, "மழை பெய்யாம இருந்தா போதும்டா" என்றார்.

துபாயில் தொழிலாளர்களைக் கம்பெனி பஸ்ஸில் கூட்டிப்போவதைத்தான் நான் பார்த்தேன். அந்த ஊரில் தொழிலாளர் நிலைமை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் தங்கும் முகாம்கள் பல மெட்ரோவுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. ஆனால் குறைந்தபட்சம் ஒரு சீட். அந்த சீட்டுக்குக் காசு இல்லை என்று அருவி வைத்த ஊர் சொன்னால் நம்ப முடிகிறதா?

கடைக்காரரும் கடைசி வாடிக்கையாளரும்

மூன்றாவது கேள்விக்கு வருவோம்.

சிங்கப்பூரில் விலைப்பட்டியலில் போட்டிருக்கும் விலை வரியோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் சேவைக் கட்டணம் வாங்கும் ஓட்டல்களுக்கு விதிவிலக்கு. அங்கே விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி குட்டியாக இருக்கும். 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால், 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 110. அந்த 110-க்கு 9 சதவீதம் வரி சேர்ந்து 119 வெள்ளி 90 காசு. முதல் தடவை போகிறவர்கள் அந்தக் கூட்டல் குறியைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்யவும்.

இதற்கு நேர் எதிர் உணவங்காடி நிலையம். போட்ட விலைதான் கொடுக்கும் விலை. கோப்பி, மீ கோரெங், பிரியாணி, தோசை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. தட்டை நாமே எடுத்து வைக்க வேண்டும், 2021-லிருந்து அது கட்டாயம். பேங்க் ஆபீசரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். 2020-ல் யுனெஸ்கோ இந்தக் கலாச்சாரத்தை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜூவலைவிட இதுதான் அந்த ஊரின் உண்மையான பெருமை என்பேன்.

ஆனால் எல்லாக் கடையும் இப்படி இல்லை. 2014-ல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? சிம் லிம் ஸ்கொயர் என்ற எலக்ட்ரானிக்ஸ் வளாகத்தில் வியட்நாமிலிருந்து வந்த ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி காதலிக்கு ஐபோன் வாங்கினார். 950 வெள்ளி கட்டிய பிறகு வாரண்டிக்கு இன்னும் 1,500 வெள்ளி கட்டினால்தான் போன் என்றார்கள். ஆங்கிலம் சரியாகப் புரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் மண்டியிட்டு அழுத வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து பணம் திரட்டினார்கள். அவரோ தான் இழந்ததற்கு மேல் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடைக்காரருக்கு 2015-ல் சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. சட்டம் கடைசியில் வேலை செய்தது, அதற்கு ஒரு சபாஷ். ஆனால் ஒருவர் மண்டியிட்டு அழுது, அதை யாரோ படம் பிடித்து, அது ஊரெல்லாம் பரவிய பிறகுதான் அந்தக் கடைக்காரர் தண்டனை வரை போனார். வீடியோ எடுக்க ஆளில்லாத கடைகளில் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள்?

காசு மாற்றுவதும் இப்படித்தான். 'கமிஷன் இல்லை' என்று பெரிதாகப் போர்டு வைத்திருப்பார்கள். கமிஷன் எதற்கு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலேயே எடுத்துவிட்டால் போயிற்று! கணக்குக்காக, ஒரு வெள்ளியின் உண்மை மதிப்பு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கவுண்டரில் 61 கொடுக்கிறார்கள். 500 வெள்ளி மாற்றினால் 2,000 ரூபாய் போச்சு. ரசீதில் 'கட்டணம்: பூஜ்யம்' என்றே இருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யூ.பி.ஐ-யையும் இணைத்தார்கள். போனிலிருந்தே வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். அப்பா இப்போது அப்படித்தான் அனுப்புகிறார். என்னைப் பொறுத்தவரை சாங்கியின் எல்லா முனையங்களையும்விட எங்கள் வீட்டுக்கு உபயோகமானது இதுதான்.

சரி, அதனால் என்ன?

"அப்ப சிங்கப்பூர் மோசமாடா?" என்று கேட்காதீர்கள். கேட்பவர்கள் நான் எழுதியதைப் பாதிதான் படித்திருக்கிறீர்கள் :-) அந்த ஊரின் பஸ், ரயில், கூரை போட்ட நடைபாதை, உணவங்காடி எல்லாம் சாதாரண மனிதனுக்காக மூளையைக் கசக்கி யோசித்துச் செய்தவை. அதனால்தான் லாரி எனக்கு உறுத்துகிறது. செய்யத் தெரியாத ஊர் செய்யாமல் விட்டால் அது இயலாமை. செய்யத் தெரிந்த ஊர் சிலருக்கு மட்டும் செய்யாமல் விட்டால் அதற்கு என்ன பெயர்?

நம் ஊருக்கும் இது பொருந்தும். திருச்சியில் 2024-ல் புது முனையம் திறந்தார்கள். கோபுரமும் வண்ணமுமாக நன்றாகத்தான் இருக்கிறது, நானே நாலு செல்ஃபி எடுத்தேன். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு அட்டைப்பெட்டியோடு இறங்கி, பட்டுக்கோட்டைக்கோ பெரம்பலூருக்கோ போக வேண்டியவர், வண்டிக்காரர் கேட்பதைக் கொடுக்காமல், விடிய விடியக் காத்திருக்காமல், எப்படி வீடு போய்ச் சேர்வார்? இதற்குப் பதில் சொல்லும் வரை கோபுரத்துக்கு மார்க் போட நான் தயாராக இல்லை.

அடுத்த தடவை யாராவது வெளிநாடு போய் வந்தால், ஏர்போர்ட் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டவன் என்ன செய்கிறான், காலையில் கட்டட வேலைக்குப் போகிறவன் எதில் போகிறான் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்று சொன்னால், அவர் அந்த ஊரை இன்னும் பார்க்கவில்லை. ஏர்போர்ட்டைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.